அப்பா அளந்து பார்க்காத வேளை

கேள்வி: எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சியில். அப்பாவுக்கு 66 வயது. 34 வருஷம் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வருமான வரிப் படிவமோ வீட்டுப் பத்திரமோ, தெருவில் யாருக்கு எது புரியவில்லை என்றாலும் "வாத்தியார்கிட்ட காட்டு" என்பார்கள். அவருக்கு 11 வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். கஷாயம், காலை நடை, இரவில் அரைச் சாப்பாடு, இது போதும் என்கிறார். தினமும் காலையில் குளுக்கோமீட்டரில் பார்த்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்து எங்களிடம் காட்டுகிறார். நான் ஒன்று சொன்னால் பத்துக் காரணம் சொல்கிறார். மருத்துவரிடமும் வாதம்தான். "உனக்குக் கணக்கு வராது, விடு" என்று என்னை முடித்துவிடுகிறார். நான் பி.ஏ. தமிழ், ஜவுளிக் கடையில் வேலை. ஆடிப் பண்டிகைக்குச் சொந்தக்காரர்கள் வரும்போது எல்லோருமாகச் சேர்ந்து கேட்போம் என்கிறான் தம்பி. மாத்திரையைப் பொடித்துக் காபியில் கலந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இவ்வளவு அறிவுள்ள மனிதர் எப்படி இப்படி ஆனார்? அவரிடம் எப்படிப் பேசுவது?
— வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் காபி விஷயம். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்பா இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, சாப்பாடு குறைந்த உடம்பில் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நினைவு தப்பும் வரை போகலாம். மாத்திரை உள்ளே போனதே தெரியாதவர் மருத்துவரிடம் என்ன சொல்வார்? அது மட்டுமில்லை, ஒருநாள் விஷயம் தெரிந்துவிட்டால் அப்புறம் உங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூட யோசிப்பார். உங்களிடம் இப்போது மிச்சம் இருப்பது அவருடைய நம்பிக்கை ஒன்றுதான். அதைச் செலவழித்துவிடாதீர்கள்.

நான் மனநல ஆலோசகர், சர்க்கரை மருத்துவர் இல்லை. நான் சொல்லப்போவது பேச்சு சம்பந்தப்பட்டது, சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் அப்பாவுக்கு அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறங்குவது, வாந்தி, ஒரேயடியான அசதி, காலில் ஆறாத புண் என்று எது தெரிந்தாலும் இந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

"இவ்வளவு அறிவுள்ளவர் எப்படி?" என்ற கேள்வியை வெவ்வேறு வீடுகளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் அறிவு என்பது ஒரே சரக்கு, அது நிறைய இருந்தால் எல்லா இடத்திலும் காப்பாற்றும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேகமாகப் புரிந்துகொள்வது, கணக்குப் போடுவது, நினைவில் வைப்பது, காரணங்களைக் கோத்துப் பேசுவது ஒரு திறமை. ஐ.க்யூ. தேர்வுகள் அளப்பது பெரும்பாலும் இதைத்தான். "நான் நினைப்பது தப்பாக இருந்தால்?" என்று தன் எண்ணத்தையே திருப்பிப் போட்டுப் பார்ப்பது வேறொரு பழக்கம். முதலாவது நிறைய உள்ளவரிடம் இரண்டாவதும் நிறைய இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் 1993-இல் இதற்குத் தனிப்பெயரே வைத்தார்: நல்ல அறிவுத்திறன் இருந்தும் சரியாக யோசிக்க முடியாமல் போகும் நிலை. (பிள்ளையின் ஐ.க்யூ. எண்ணைக் கேட்டு என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் சொல்வது ஒன்று உண்டு. 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே அந்த மாதிரித் தேர்வை உருவாக்கியதே, பள்ளியில் எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். பிள்ளை பிற்காலத்தில் யார் பேச்சைக் கேட்கும், எதில் ஏமாறும் என்பதை அந்த எண் சொல்லாது.)

லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானியை உங்கள் அப்பாவுக்கே தெரிந்திருக்கலாம். வேதியியலுக்காக 1954-இலும் அமைதிக்காக 1962-இலும், யாரோடும் பங்கிடாமல் இரண்டு நோபல் பரிசு வாங்கியவர். அவர்தான் 1970 முதல், வைட்டமின் சி-யை அள்ளி விழுங்கினால் சளி வராது, புற்றுநோய்க்கும் உதவும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் முறையாகச் சோதித்துப் பார்த்து அப்படித் தெரியவில்லை என்றபோது, அந்தச் சோதனைகளில் குறை கண்டுபிடித்தார். அவர் மூளை மழுங்கிப் போகவில்லை. எதிர்ச் சான்றை உடைக்கும் வேலையில் அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டிலும் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒன்று சொன்னால் அவர் பத்துச் சொல்கிறார் என்றீர்களே, அதைக் கொஞ்சம் பாருங்கள். டேவிட் பெர்கின்ஸ் என்பவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொதுப் பிரச்சினையைக் கொடுத்து, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் தோன்றும் காரணங்களையெல்லாம் சொல்லச் சொன்னார். ஐ.க்யூ. கூடுதலாக உள்ளவர்கள் தங்கள் கட்சிக்கு நிறையக் காரணம் சொன்னார்கள். எதிர்க்கட்சிக்கு? மற்றவர்களைவிட அப்படியொன்றும் அதிகம் சொல்லவில்லை. அதாவது, கெட்டிக்காரத்தனம் நல்ல வக்கீலைத் தருகிறது. வக்கீல் யார் பக்கம் நின்று பேசுவது என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. அப்பாவிடம் இருப்பது கெட்டிக்கார வக்கீல். அவரோடு நீங்கள் வாதாடும் ஒவ்வொரு மாலையும் அந்த வக்கீலுக்கு ஒரு ஒத்திகை. நேற்று அவரிடம் இல்லாத ஒரு காரணம் நீங்கள் பேசியதால் இன்று இருக்கிறது.

அதனால் வாதத்தை நிறுத்துங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், கிட்டத்தட்ட இதே மாதிரிப் பிரச்சினைக்காக மகன் கட்டாயப்படுத்தி அழைத்து வந்தவர், என் எதிரில் உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் ஆதாரத்தோடு பதில் சொன்னேன். ஒன்றில்கூட என் தரப்பு தோற்கவில்லை. எழுந்து கும்பிட்டு, "நல்லா பேசறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை. அவர் என்ன ஆனார் என்ற நினைப்பு இன்றைக்கும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

வாதத்துக்குப் பதிலாக அப்பாவோடு ஒரு விளையாட்டு விளையாடுங்கள். கணக்கு வாத்தியாருக்கு இது பிடிக்காமல் போகாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கி வந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரம் பாருங்கள். (அவருக்கு ஒரு செட் போதும்.) "அப்பா, 2, 4, 6. இந்த மூன்று எண்களும் ஒரு விதிக்குப் பொருந்தும். விதி என் மனசில் இருக்கிறது. நீங்கள் வேறு மூன்று எண்கள் சொல்லுங்கள், பொருந்துமா பொருந்தாதா என்று சொல்கிறேன். விதி உறுதியாகத் தெரிந்த பிறகு மட்டும் அதைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், 8, 10, 12 என்பார். பொருந்தும். 20, 22, 24. பொருந்தும். 100, 102, 104. அதுவும் பொருந்தும். "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று சொல்லிவிடுவார். தப்பு. உங்கள் விதி, "ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும்." 1, 7, 50 என்றாலும் பொருந்தியிருக்கும். தன் யூகத்தை உடைக்கக்கூடிய எண்ணைக் கேட்டிருந்தால் அது உடனே தெரிந்திருக்கும். ஆனால் நாம் எல்லோருமே "ஆமாம்" வரும் என்று தெரிந்த இடத்திலேயே திரும்பத் திரும்பக் கேட்போம். பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1960-இல் இதைப் பல்கலைக்கழக மாணவர்கள் 29 பேரிடம் வைத்துப் பார்த்தார். தப்பாக எதையும் அறிவிக்காமல் நேரே விதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 6 பேர்தான்.

விளையாட்டு முடிந்ததும் "பார்த்தீங்களாப்பா?" என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிடாதீர்கள். சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். அவரே முதல் தடவையில் விதியைக் கண்டுபிடித்துவிட்டாலும் நல்லதுதான். "எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள், தவறாகலாம் என்று நினைத்த எண்ணைக் கேட்டதால்தான் என்று அவர் வாயாலேயே வரும். ஒன்றிரண்டு நாள் கழித்து, அவர் வரைபடத்தை எடுக்கும்போது, ஒரே ஒரு கேள்வி: "அப்பா, இந்தப் புள்ளி எல்லாம் எந்த நேரத்தில் பார்த்தது?"

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அத்தனையும் காலையில் பார்த்தவை. முந்தின இரவு அரை வயிறு. மதியச் சோறு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து எத்தனை தடவை பார்த்தார்? மாம்பழ சீசன் இப்போதுதான் முடிந்தது. சேலத்தில் இருந்துகொண்டு குண்டு மாம்பழமும் மல்கோவாவும் வாயில் வைக்காமல் ஒரு வருஷத்தைத் தாண்டியவர் யார்? அந்த நாட்களின் புள்ளிகள் தாளில் உண்டா? இதுதான் அவருடைய 8, 10, 12. அவர் பொய் சொல்லவில்லை, உங்களை ஏமாற்றவும் இல்லை. "ஆமாம்" வரும் நேரத்தில் மட்டும் அளந்துகொண்டிருக்கிறார், அது அவருக்கே தெரியாது.

இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. "மூணு மாச சுகர் டெஸ்ட்" என்று நாம் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனை. ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன. அந்தக் காலத்தில் ரத்தத்தில் ஓடிய சர்க்கரைக்கு ஏற்ப அவற்றில் ஒட்டும் சர்க்கரையின் அளவு இருக்கும். ஆகவே அது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். நேற்று ராத்திரி பட்டினி கிடந்தால் அது மாறாது. நேரம் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. அப்பா மாத்திரையை நிறுத்தி நான்கு மாதம் ஆகிவிட்டது, அதனால் இப்போது எடுத்தால் மாத்திரை இல்லாத காலத்தைத்தான் சொல்லும். பழைய கோப்பில் முன்பு எடுத்த எண் இருக்கும். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட நேர்மையான ஒப்பீடு எங்கே கிடைக்கும்?

ஆனால் பரிசோதனைக்கு முன்பே ஒன்று கேட்டுவிட வேண்டும். "எந்த எண்ணுக்கு மேலே போனால் மறுபடி டாக்டரைப் பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்கப்பா." அவர் சொல்வதை அவர் கையாலேயே அந்த வரைபடத் தாளின் மூலையில் எழுதச் சொல்லுங்கள். முடிவு வந்த பிறகு கேட்டால் வக்கீல் எழுந்துவிடுவார்: லேப் சரியில்லை, மெஷின் சரியில்லை, அந்த வாரம் காய்ச்சல் இருந்தது. முன்கூட்டியே எழுதிய எண்ணுக்கு முன்னால் அவருக்கு வேலை குறைவு. அவர் சொல்லும் எண் உங்களுக்கு அதிகமாகத் தோன்றினாலும் பேரம் பேசாதீர்கள். எழுதட்டும். எண் எவ்வளவாக வந்தாலும் அந்தச் சீட்டை மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்பா சொல்வதில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது, அதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், கண்காணிப்போடு உணவைக் கடுமையாகக் குறைத்து எடையை இறக்கியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒரு வருஷ முடிவில் மாத்திரை தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள். மருத்துவக் குழு கூடவே இருந்து, ஹெச்.பி.ஏ.1.சி.யை அளந்தபடியே செய்தது. உங்கள் அப்பாவுக்கு 11 வருஷம், கூட யாரும் இல்லை. "நீங்க சொல்றது மொத்தமும் தப்புன்னு நான் சொல்லலப்பா" என்று நீங்கள் மனதாரச் சொல்ல முடிந்தால், அடுத்த வாக்கியத்தை அவர் கேட்பார். அவர் காலை நடையையும், சாப்பாட்டைக் கட்டுப்படுத்துவதையும் உங்கள் கடிதத்தில் குற்றப்பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அவை இரண்டும் நல்ல காரியங்கள். மருத்துவரே கைதட்டுவார். நீங்களும் உங்கள் கட்சிக்கு ஏற்ற புள்ளிகளை மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். நானும் அப்படித்தான், எல்லோரும் அப்படித்தான். ஸ்டானோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதையே சொல்கிறது: மற்றவர்களிடம் இந்தச் சாய்வு நமக்குப் பளிச்சென்று தெரியும், நம்மிடம் தெரியாது, அறிவுத்திறன் கூடினாலும் அந்தக் குருட்டுத்தனம் குறைவதில்லை.

ஆடிப் பண்டிகை யோசனையைத் தம்பியிடம் சொல்லிக் கைவிடச் செய்யுங்கள். கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு மாமாவும் சித்தப்பாவும் சம்பந்தியும் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தெருவே சந்தேகம் கேட்டு வந்த ஒரு மனிதரைப் பார்த்து "நீங்க ஏமாந்துட்டீங்க" என்று சொன்னால், அவர் மாத்திரையைப் பற்றியா யோசிப்பார்? மானத்தைப் பற்றித்தான் யோசிப்பார். ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966-இல் விளக்கிய விஷயம் இது: தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமையை யாரோ பிடுங்குகிறார்கள் என்று தோன்றினால், மனிதன் அந்த முடிவை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். உங்கள் அப்பாவுக்கு இது இன்னும் கடினம். 34 வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவர். சரியான விடை அவரிடம் இருக்கும் என்பதுதான் அவர் அடையாளம். பணி ஓய்வில் பள்ளிக்கூடம் போனது, சாக்பீஸ் போனது, அந்த ஒன்று மட்டும் மிச்சம். உங்களுக்குப் பிடிவாதமாகத் தெரியும் இடத்தில் நான் கொஞ்சம் பயத்தையும் பார்க்கிறேன். மாத்திரை என்பது முதுமையின் சீட்டு மாதிரி. அதைத் தூக்கிப்போட்டதில் அவருக்கு ஏதோ ஒரு விடுதலை இருந்திருக்கும்.

ஏற்காட்டில் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்தது. வேளாண்மை படித்தவர். வெயில் கூடுதலாக விழுந்தால் காய்ப்பு கூடும் என்று நிழல் மரங்களை ஒரு பக்கமாகக் கழித்துவிட்டார். அரபிகாச் செடிக்கு நிழல் குறைந்தால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வரும், அந்த வண்டு வெயில் படும் தண்டில்தான் முட்டையிடும். மேஸ்திரி சொல்லிப் பார்த்தார். சித்தப்பா பதிலுக்குப் புத்தகம் புத்தகமாகப் பேசினார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். மூன்றாம் வருஷம் செடிகள் மஞ்சளாகி வாடின. மேஸ்திரி "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மரம் இருக்கற பக்கம் அம்பது செடி, இல்லாத பக்கம் அம்பது செடி, நீங்களே ஒருக்கா எண்ணிப் பாருங்க சாமி" என்றார். சித்தப்பா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்து யாரிடமும் பேசவில்லை. அடுத்த மழைக்கு அந்தப் பக்கம் சில்வர் ஓக் கன்றுகள் வைத்தார். தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவர் கடைசி வரை சொன்னதில்லை, மேஸ்திரியும் எதிர்பார்க்கவில்லை.

உங்கள் அப்பாவிடமிருந்தும் அந்த வார்த்தையை எதிர்பார்க்காதீர்கள். மாத்திரை உள்ளே போனால் போதும்.

இன்னொரு கேள்வியும் கைவசம் வைத்திருங்கள். இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014-இல் காட்டியது: தன் பிரச்சினையைவிட அடுத்தவர் பிரச்சினையில் மனிதர்கள் நிதானமாக யோசிக்கிறார்கள். தன் பிரச்சினையையும் வேறொருவருடையது போலத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னால், அந்த நிதானம் திரும்பி வருகிறது. "உங்க பழைய மாணவன் ஒருத்தன் வந்து, எங்கப்பா 11 வருஷ சுகர், மாத்திரையை நிறுத்திட்டார், காலையில மட்டும்தான் பார்க்கிறார், என்ன சார் பண்ணட்டும்னு கேட்டா என்ன சொல்வீங்கப்பா?" என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். அன்றைக்கே பதில் வராமலும் போகலாம்.

கடைசியாக, "உனக்குக் கணக்கு வராது" என்ற பேச்சு. அது உங்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. உங்கள் படிப்பை வாக்குமூலம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, நான்கு மாதமாக ஒரு வரைபடத்தைத் தினமும் காட்டி அது சரி என்று சொல்லியும், "ஏதோ இடிக்குதே" என்று உங்களுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் பெரிய அறிவாளி சொன்ன பிறகும் அந்தச் சந்தேகத்தை நீங்கள் விடவில்லை. நான் மேலே சொன்ன இரண்டாவது பழக்கம் அதுதான். அதற்கு முக்கோணவியல் தெரிந்திருக்கத் தேவையில்லை.

பரிசோதனைக்கு அப்பாவோடு நீங்கள் தனியாகப் போங்கள், தம்பி வேண்டாம். முடிவுச் சீட்டு வந்ததும் நீங்கள் பிரித்துப் பார்க்காதீர்கள். அவர் கையில் கொடுங்கள், பென்சிலையும் அந்த வரைபடத் தாளையும் பக்கத்தில் வைத்துவிட்டுக் காபி போடப் போய்விடுங்கள். அந்தப் புள்ளியை அவரே வைக்கட்டும்.